சந்தையைக் கடந்து போன பெண்: ஓர் ஐரிஷ் பாடலும் அதன் பல குரல்களும்

ஒரு பெண் தன் காதலனுக்கு நம்பிக்கை கொடுக்கிறாள். வீட்டில் தடை வராது, அவனிடம் சொத்துப்பத்து இல்லாததும் ஒரு பிரச்சினையாகாது, விரைவில் கல்யாணம் என்கிறாள். பிறகு அவனை விட்டு விலகிச் சந்தைக் கூட்டத்துக்குள் நடந்து போகிறாள். அவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான். அந்தி சாய்கிறது, அவள் வீட்டை நோக்கிப் போய்விடுகிறாள். பாட்டின் கடைசியில், ஓர் இரவு, காலடிச் சத்தம்கூடக் கேட்காமல் அவள் அவனிடம் வருகிறாள். வந்து, கல்யாணம் விரைவில் என்ற அதே பேச்சைத் திரும்பச் சொல்கிறாள்.

கதை இவ்வளவுதான். முதல் தடவை அவள் சொல்லும்போது அது வாக்குறுதி. கடைசித் தடவை சொல்லும்போது அது என்ன? உயிரோடு இருக்கும் பெண் கனவில் வந்து சொல்வதா? அல்லது இறந்துபோனவள் வந்து, நீயும் சீக்கிரம் என்னிடம் வந்துவிடுவாய் என்று சொல்வதா? பதில் நீங்கள் எந்த ஒலிப்பதிவைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

'ஷீ மூவ்ட் த்ரூ த ஃபெயார்' என்ற இந்தப் பாடல் அயர்லாந்தின் மிகப் பிரபலமான நாட்டார் பாடல்களில் ஒன்று. ஒப்பெரா பாடகர், தெருப்பாடகி, றொக் குழு, கிற்றார் கலைஞர் என்று பல தரப்பினரும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஊடகக் கற்கை படித்த காலத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி தருவார்கள். ஒரே நாளின் நான்கு பத்திரிகைகளை மேசையில் விரித்து, ஒரே சம்பவத்தை ஒவ்வொன்றும் எப்படி எழுதியிருக்கிறது, எதை விட்டிருக்கிறது, எந்தச் சொல்லை மாற்றியிருக்கிறது என்று குறிக்க வேண்டும். அதே பயிற்சியை இந்தப் பாடலின் ஒலிப்பதிவுகளில் செய்து பார்த்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

ஒரு மெட்டு, ஒரு கவிஞர், ஒரு பிந்திய சரணம்

'நாட்டார் பாடல்' என்றதும் யார் எழுதியதென்று தெரியாத, நூற்றாண்டுகளாக வாய்வழியாக வந்த ஒன்றை நினைத்துக்கொள்கிறோம். இந்தப் பாடலின் பிறப்பு அவ்வளவு எளிதானதல்ல.

பெல்பாஸ்டில் 1882-ல் பிறந்த ஹேர்பர்ட் ஹியூஸ், ஊர் ஊராகச் சென்று ஐரிஷ் மெட்டுகளைச் சேகரித்த இசையமைப்பாளர். அயர்லாந்து அப்போது பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்தது. தமது மொழியும் பாட்டும் அழிந்துபோகுமுன் அவற்றை எழுதி வைக்க வேண்டும் என்ற துடிப்பு அந்தக் காலத்து ஐரிஷ் படித்தவர்களிடம் இருந்தது. வடமேற்கிலுள்ள டொனகோல் பகுதியில் ஹியூஸுக்கு இந்த மெட்டு கிடைத்தது. அவர் தொகுத்த 'ஐரிஷ் கன்றி சோங்ஸ்' என்ற நூலில் 1909-ல் அது அச்சேறியது. பாடல் வரிகளுக்கு உரியவர் பாட்ரிக் கொலம் என்ற இளம் கவிஞர்.

கொலம் நீண்ட காலம் வாழ்ந்தவர். 1970 ஏப்ரலில், ஏறத்தாழ 88 வயதில், 'த ஐரிஷ் டைம்ஸ்' பத்திரிகைக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். கடைசிச் சரணம் மட்டுமே பழைய பாட்டிலிருந்து வந்தது, மற்றச் சரணங்களை எழுதியவன் நானே என்பது அதன் சாரம். அதாவது, சத்தமில்லாமல் வந்து நிற்கும் அந்தப் பெண் மக்களின் பாட்டில் ஏற்கெனவே இருந்தவள். அவளுக்கு முன்கதை கட்டிக்கொடுத்தவர் கவிஞர்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னரே அவள் இறந்துவிட்டாள் என்பதைத் தன் வரிகள் எங்கும் சொல்லவில்லை என்று கொலமுக்குப் பிறகுதான் உறைத்தது. உடனே மேலும் ஒரு சரணம் எழுதி ஹியூஸுக்கு அனுப்பினார். ஊரார் பேசிக்கொள்வதாகவும், வெளியே சொல்லாத ஒரு துயரம் இருப்பதாகவும், அவளைத் தான் கண்டது அதுவே கடைசி என்றும் குறிப்பாகச் சொல்லும் சரணம் அது. ஆனால் அது போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிட்டது. 1909 நூலில் மூன்று சரணங்களே வந்தன. நான்காவது, பிறகு வந்த தொகுப்புகளில் சேர்ந்தது.

ஆகவே பாடல் பிறந்தபோதே அதற்கு இரண்டு வடிவங்கள் இருந்தன. ஒன்றில் அவள் போய்விட்டாள், அவ்வளவுதான். மற்றதில் அவள் இறந்துவிட்டாள் என்பதற்கு ஒரு சாடை இருக்கிறது. பின்வந்த பாடகர்கள் எல்லோரும், தெரிந்தோ தெரியாமலோ, இவற்றில் ஒன்றைத் தெரிவு செய்தாக வேண்டியிருந்தது.

ஜன்னல் வழியே போனவள்

கொலமின் உரிமைக்கோரிக்கையை எல்லோரும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. வட அயர்லாந்தின் பெர்மனா பகுதியோடு தொடர்புடைய புகழ்பெற்ற பாடகர் பாடி டனி, 1979-ல் வெளியான 'த ஸ்டோன் ஃபிடில்' என்ற தனது நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஏற்கெனவே அயர்லாந்தில் பல வடிவங்களில் புழங்கிவந்த ஒரு பாட்டுக்குக் கொலம் சில வரிகளைச் சேர்த்தார் என்று சொல்வதே பொருத்தம் என்பது அவரது பார்வை. டனியின் தாயும் ஒரு பாடகி. அவர் பாடிய வடிவத்தின் முதற் சரணம் கொலமின் முதற் சரணத்தோடு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. அதன்பின் கதை வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

இந்தப் பாட்டுக் குடும்பத்தில் 'அவுட் ஒஃப் த வின்டோ' என்றொரு உறவுப் பாடலும் உண்டு. அதில் ஆவியும் இல்லை, கனவும் இல்லை. நள்ளிரவில் ஓடிப்போகலாம் என்று காதலர்கள் பேசி வைக்கிறார்கள். சொன்னபடி அவன் வருகிறான். படுக்கை வெறுமையாகக் கிடக்கிறது. அவள் ஜன்னல் வழியே வேறொருவனோடு போய்விட்டிருக்கிறாள்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு விடயம் விளங்கும். கிராமத்துப் பாட்டில் அந்தப் பெண்ணுக்குச் சொந்த முடிவு ஒன்று இருக்கிறது. அவள் ஏமாற்றுகிறாள், ஆனால் தன் விருப்பப்படி போகிறாள். கவிஞரின் பாட்டில் அவள் அழகானவள், ஒளி பொருந்தியவள், ஆனால் இறந்துவிடுகிறாள். உலகமே பாடுவது இரண்டாவதைத்தான். ஏமாற்றிவிட்டுப் போன பெண்ணைவிட இறந்துபோன பெண் கேட்பவர்களுக்கு எப்போதும் வசதியானவள் போலும்.

இசைத்தட்டிலிருந்து தெருவுக்கு

ஒலிப்பதிவுகளின் கதையை ஜோன் மக்கோர்மக்கோடு தொடங்கலாம். 1884-ல் அத்லோன் நகரில் பிறந்த இவர், ஒப்பெரா மேடைகளில் உலகப் புகழ் பெற்றவர். இசைத்தட்டுத் தொழில் வளர்ந்த காலத்தில் அதன் பெரும் நட்சத்திரங்களில் ஒருவர். பாப்பரசரிடமிருந்து 'கவுண்ட்' பட்டமும் பெற்றவர். தன் வாழ்வின் கடைசிக் காலத்தில், 1941-ல், ஜெரால்ட் மூரின் பியானோவோடு இந்தப் பாடலைப் பதிவு செய்தார். குரல் முதுமையடைந்திருந்தாலும் உச்சரிப்பு துல்லியமானது. ஒவ்வொரு சொல்லும் சட்டை மடித்ததுபோல ஒழுங்காக வந்து நிற்கும். கச்சேரி மண்டபத்தில், கதிரையில் அமர்ந்து, அமைதியாகக் கேட்பவர்களுக்கான பாட்டு அது.

இப்போது அடுத்த ஒலிப்பதிவுக்கு வாருங்கள். மார்கரெட் பரி. 1917-ல் கோர்க் நகரில், தெருப்பாடகர் குடும்பமொன்றில் பிறந்தவர். இளவயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, கையில் பான்ஜோவோடு சந்தைகளிலும் விளையாட்டுப் போட்டி நடக்கும் இடங்களிலும் பாடிப் பிழைத்தவர். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டார் வழக்காற்றியலாளர் அலன் லோமக்ஸ் அயர்லாந்தின் டண்டோக் நகரில் இவரைப் பதிவு செய்தார். பிறகு இவர் லண்டனுக்கு இடம்பெயர்ந்து, கம்டன் டவுன் மதுச்சாலைகளில் ஐரிஷ் தொழிலாளர்கள் மத்தியில் பாடினார். 1989-ல் காலமானார்.

பரியின் குரல் திறந்த வெளியில், மாட்டு வியாபாரிகளின் கூச்சலுக்கு மேலாகக் கேட்க வேண்டிய குரல். கூர்மையானது, கரடுமுரடானது, வெட்கமில்லாதது. பான்ஜோ அவ்வப்போது ஓரிரு சுரங்களைத் தட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். தாளக் கட்டு கிடையாது. விருத்தம் பாடுவதைப் போல, மூச்சு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் வரி நீளும். மக்கோர்மக் சந்தையைத் தூரத்திலிருந்து பார்க்கிறார் என்றால், பரி அதற்குள்ளேயே நின்று பாடுகிறார்.

'இதுதான் அசல், மண்ணின் குரல்' என்று நாட்டார் இசை ஆர்வலர்கள் பரியைக் கொண்டாடியதில் வியப்பில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாட்டைத் தான் எங்கே கற்றேன் என்பதை அவர் மறைக்கவேயில்லை. ஜோன் மக்கோர்மக்கின் இசைத்தட்டிலிருந்து கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார்.

இந்தச் சங்கிலியை ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். டொனகோல் மக்களிடமிருந்து மெட்டு ஹியூஸிடம் வந்தது. கொலம் சொற்கள் சேர்த்தார். புத்தகமாகி மேடைக்குப் போனது. மேடையிலிருந்து இசைத்தட்டுக்கு, இசைத்தட்டிலிருந்து தெருவில் பாடும் பெண்ணிடம். அவரிடமிருந்து மீண்டும் ஒலிப்பதிவுக் கருவிக்கு, இம்முறை 'மரபு' என்ற பெயரோடு. மரபு என்பது கீழிருந்து மேலே மட்டும் போகும் பாதை என்று நினைத்தால் இந்தப் பாடல் நம்மைத் திருத்துகிறது. ஆனால் பரி பிரதி எடுத்தவர் அல்லர். இசைத்தட்டிலிருந்து கற்ற ஒன்றைத் தெருவின் பாட்டாக ஆக்கியது அவரது சொந்தச் சாதனை. இளம் பாடகர்கள் பலர் பின்னர் பின்பற்றியது மக்கோர்மக்கை அல்ல, அவரைத்தான்.

சொற்கள் இல்லாத சந்தை

1960களில் பிரித்தானியாவில் நாட்டார் இசை அலை எழுந்தபோது, டேவி கிரஹம் என்ற கிற்றார் கலைஞர் இந்தப் பாடலின் சொற்களை முழுவதுமாக உதறிவிட்டு மெட்டை மட்டும் எடுத்தார். கயானாவைச் சேர்ந்த தாய்க்கும் ஸ்கொட்லாந்துத் தந்தைக்கும் பிறந்த இவர், மொரோக்கோவில் அலைந்து திரிந்தவர். கிற்றாரின் ஆறு கம்பிகளையும் 'டி-ஏ-டி-ஜி-ஏ-டி' என்று புதிய விதமாகச் சுருதி கூட்டும் முறையைப் பரப்பியவர். அந்த முறையில் சில கம்பிகள் தம்பூராவைப் போல ஓயாமல் ஒரே சுருதியை ஒலித்துக்கொண்டிருக்கும். மற்றக் கம்பிகளில் மெட்டு நடக்கும். தனது வாசிப்புக்கு அவர் வைத்த பெயரிலேயே 'ராகா' என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டார்.

இது வெறும் அலங்காரம் அல்ல. இந்த மெட்டு மேற்கத்திய இசையில் 'மிக்சோலிடியன்' எனப்படும் சுர வரிசையில் அமைந்தது. எங்கள் பக்கத்தில் அதே சுர வரிசைக்கு ஹரிகாம்போதி என்று பெயர். வழக்கமான மேற்கத்திய மேஜர் ஸ்கேலில் மேலேயுள்ள நிஷாதம் ஷட்ஜத்தை நோக்கித் தாவத் துடிக்கும். இங்கே நிஷாதம் ஒரு படி தாழ்ந்து நிற்பதால் அந்தத் துடிப்பு இல்லை. பாட்டு முடியும்போதும் ஏதோ மிச்சமிருப்பது போலவே இருக்கும். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இந்த ஐரிஷ் மெட்டு அந்நியமாகத் தெரியாததற்கு இதுவே காரணம். மகிழ்ச்சிக்கும் துக்கத்துக்கும் நடுவே நிற்கும் கதைக்கு, முடிவுக்கு வராத இந்தச் சுர வரிசை மிகவும் பொருந்திப் போகிறது.

கிரஹம் திறந்த பாதையில் ஜிம்மி பேஜ் வந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் 1967 இசைத்தட்டில் இடம்பெற்ற 'வைட் சமர்' என்ற கிற்றார் வாசிப்பைக் கேட்டால், கிரஹமின் வாசிப்பை அறிந்தவர்களுக்கு உறவு உடனே புரியும். பிறகு லெட் செப்பலின் மேடைகளிலும் பேஜ் அதை வாசித்தார். ஆனால் இசைத்தட்டில் ஆக்கியவர் என்ற இடத்தில் பேஜின் பெயர் மட்டுமே இருந்தது. டொனகோல் சந்தையிலிருந்து கிளம்பிய பெண், அவளது பெயரோ ஊரோ தெரியாத பல்லாயிரம் பேர் கூடியிருந்த அரங்குகளை இப்படிக் கடந்து போனாள்.

ஒரு சொல்லின் எடை

மீண்டும் குரல்களுக்கு வருவோம். 1960களின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் பாடகி ஆன் பிறிக்ஸ் எந்த வாத்தியமும் இல்லாமல் இதைப் பாடினார். உணர்ச்சியைக் கூட்டிக் காட்டாத, ஏறத்தாழ தட்டையான குரல். தனக்கு நடந்ததைப் பற்றிப் பாடாமல், எங்கோ நடந்ததைச் சொல்லிவிட்டு நகர்பவர் போலப் பாடுகிறார். அந்த அமைதியே பயமூட்டுகிறது.

1969 ஜனவரியில் ஃபெயார்போர்ட் கொன்வென்ஷன் குழு வெளியிட்ட இசைத்தட்டில் சாண்டி டெனி இதைப் பாடினார். றொக் குழுவாக இருந்தும் வாத்தியங்கள் அடக்கி வாசிக்கப்படுகின்றன. டெனியின் குரலில் ஒரு மென்மையும் களைப்பும் கலந்திருக்கும். 1978-ல், 31 வயதில் அவர் இறந்துபோனார். அதை அறிந்த பின்னர், திரும்பி வந்து பேசும் ஒரு பெண்ணைப் பற்றி அவர் பாடுவதை முன்போலக் கேட்க முடிவதில்லை. ஒலிப்பதிவு மாறவில்லை, கேட்பவர் மாறிவிடுகிறார்.

1988-ல் பெல்பாஸ்டைச் சேர்ந்த வான் மொரிசன், த சீஃப்டன்ஸ் என்ற ஐரிஷ் மரபிசைக் குழுவோடு இணைந்து 'ஐரிஷ் ஹார்ட்பீட்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். இந்தப் பாடல் அதிலும் இருக்கிறது. முழங்கையால் துருத்தியை அழுத்தி வாசிக்கும் ஐரிஷ் பைப் வாத்தியத்துக்குப் பேர்பெற்ற குழுவோடு, புளூஸ் இசையில் ஊறிய குரல் ஒன்று மோதுகிறது. ஆன் பிறிக்ஸ் விலகி நின்று சொன்ன கதையை, மொரிசன் தன் நெஞ்சில் அடித்துக்கொண்டு சொல்கிறார்.

ஷினேட் ஓ'கொனர் செய்தது வேறொன்று. 'அவள்' என்பதை 'அவன்' ஆக்கினார். 1996-ல் நீல் ஜோர்டனின் 'மைக்கல் கொலின்ஸ்' திரைப்படத்துக்காக அவர் பாடிய வடிவத்தில், சந்தையைக் கடந்து போகிறவன் ஆண், காத்து நிற்பவள் பெண். ஐரிஷ் விடுதலைப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவரான கொலின்ஸ், கிற்றி கீர்னன் என்ற பெண்ணோடு கல்யாணம் நிச்சயிக்கப்பட்டிருந்த நிலையில், 1922 ஓகஸ்ட் 22 அன்று, உள்நாட்டுப் போரின்போது, பதுங்கித் தாக்குதலில் கொல்லப்பட்டார். ஒரேயொரு பெயர்ச்சொல் மாற்றத்தால், பழைய காதல் பாட்டு ஒரு நாட்டின் வரலாற்றுக் காயத்தைத் தொட்டுவிடுகிறது.

இதைவிடச் சிறிய, இதைவிடப் பெரிய இன்னொரு மாற்றம் கடைசிச் சரணத்தில் நடக்கிறது. இரவில் வருகிற காதலியைக் குறிக்கும் இடத்தில் பாடகர்கள் வெவ்வேறு அடைமொழிகளைப் பாடுகிறார்கள். சிலர் 'இளம்' என்ற பொருளில், சிலர் 'அருமை' என்ற பொருளில், வேறு சிலர் நேரடியாகவே 'இறந்த' என்ற பொருளில். 'இளம்' என்றால் கதவு திறந்திருக்கிறது. அவள் எங்கோ வாழ்ந்துகொண்டிருக்கலாம், வந்தது கனவாக இருக்கலாம். 'இறந்த' என்றால் கதவு மூடிவிடுகிறது. கேட்பவர் நடுங்குகிறார், ஆனால் அவருக்கு நிச்சயம் ஒன்று கிடைத்துவிடுகிறது.

இலங்கையில் செய்தி எழுதுகிற எவருக்கும் இந்த வேறுபாடு இலக்கிய நயம் அல்ல. போய்த் திரும்பாத ஒருவரைப் பற்றி எழுதும்போது 'இறந்த' என்று எழுதுவதா, 'காணாமலாக்கப்பட்ட' என்று எழுதுவதா என்ற கேள்வி எங்கள் மேசையில் பல தடவை வந்திருக்கிறது. அந்தச் சொல்லைத் தெரிவு செய்யும் உரிமை எழுதுபவருக்கு இல்லை, காத்திருப்பவருக்கே உண்டு என்பதை அந்தத் தாய்மார்தான் எங்களுக்குக் கற்றுத்தந்தார்கள். அதனாலோ என்னவோ, 'இறந்த' என்று அழுத்திப் பாடும் ஒலிப்பதிவுகளைவிட, சொல்லாமல் விட்டுவிடும் ஒலிப்பதிவுகளே எனக்கு நேர்மையாகப் படுகின்றன. கொலமின் சாடைச் சரணம் 1909 புத்தகத்துக்குப் பிந்திப் போனது ஒரு நல்ல விபத்து என்றுகூடத் தோன்றுகிறது.

புதிய சொற்கள், பழைய மெட்டு

1987 நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. வட அயர்லாந்தின் எனிஸ்கில்லன் நகரில், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நிகழ்வுக்காக மக்கள் கூடியிருந்த இடத்தில் ஐ.ஆர்.ஏ. அமைப்பு வைத்த குண்டு வெடித்தது. அன்று 11 பேர் கொல்லப்பட்டார்கள். அந்தக் காட்சிகளால் பாதிக்கப்பட்ட ஸ்கொட்லாந்துக் குழுவான சிம்பிள் மைன்ட்ஸ், இதே மெட்டுக்கு முற்றிலும் புதிய சொற்களை எழுதி 'பெல்பாஸ்ட் சைல்ட்' என்ற பாடலை உருவாக்கியது. ஆறு நிமிடங்களுக்கும் மேல் நீளும் இந்தப் பாடல், 1989 பெப்ரவரியில் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது.

அமைதியாகத் தொடங்கும் பாடல், பாதியில் டிரம்ஸும் மின்கிற்றாரும் சேர்ந்து பெருவெள்ளமாக எழுகிறது. நாட்டார் பாட்டின் ஒடுக்கம் அங்கே இல்லை. வெளியிலிருந்து வந்தவர்கள் பிறரது துயரத்தைப் பெரிய மேடைக் காட்சியாக்குகிறார்கள் என்று குறை சொல்லவும் இடமுண்டு. ஆனால் 'மரபுப் பாடலைக் கெடுத்துவிட்டார்கள்' என்ற குற்றச்சாட்டை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பழைய மெட்டொன்றை எடுத்துத் தன் காலத்துக்கான சொற்களை அதில் வைத்தது கொலம் செய்த அதே வேலைதான். இடைவெளி 80 ஆண்டுகள்.

அந்த மெட்டை அவர்கள் தெரிவு செய்ததும் தற்செயலல்ல. திரும்பி வராதவர்களின் துக்கம் அதில் ஏற்கெனவே படிந்திருந்தது. புதிய சொற்களைக் கேட்கும்போதும், பழைய பாட்டை அறிந்தவரின் காதில் அந்தப் பெண் பின்னாலேயே நடந்து வருகிறாள்.

யாருடைய பாட்டு?

இசைத்தட்டு உறைகளிலும் இணையத் தளங்களிலும் இந்தப் பாடலுக்கு நேரே 'மரபு வழி' என்ற குறிப்பையே பெரும்பாலும் காணலாம். அந்தக் குறிப்புக்குப் பணப் பெறுமதி உண்டு. ஒரு பாடல் மரபு வழி என்றால் பதிவு செய்பவர் யாருக்கும் உரிமைத் தொகை கொடுக்க வேண்டியதில்லை, தனது இசைக்கோர்ப்புக்கு மட்டும் உரிமை கோரலாம். ஆனால் கொலம் இறந்தது 1972-ல். அயர்லாந்திலும் பிரித்தானியாவிலும் பதிப்புரிமை ஆக்கியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். அவர் எழுதிய சரணங்கள் அவருடையவை என்று கொண்டால், 2042 முடியும் வரை அங்கே அவை பொதுச் சொத்தல்ல.

மறுபுறம், கொலமின் பெயரை மட்டும் போட்டாலும் கணக்குச் சரியாகாது. டொனகோலில் ஹியூஸுக்கு முன்னால் அந்த மெட்டைப் பாடியவரின் பெயர் எங்கே? கொலமே பழையது என்று ஒப்புக்கொண்ட கடைசிச் சரணத்தை முதலில் பாடியது யார்? 'மரபு வழி' என்ற சொல் சில வேளை பெயரற்றவர்களுக்குச் செலுத்தும் மரியாதை. சில வேளை, தெரிந்த பெயரை மறைக்க உதவும் போர்வை. நமது நாட்டார் பாடல்கள் திரைப்படங்களிலும் அல்பங்களிலும் வரும்போதும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

கேட்கப் போகிறவர்களுக்கு

இவற்றில் பெரும்பாலானவை இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. நேரமிருந்தால் மக்கோர்மக், மார்கரெட் பரி, டேவி கிரஹம், ஆன் பிறிக்ஸ், சாண்டி டெனி, வான் மொரிசன், ஷினேட் ஓ'கொனர் என்ற வரிசையில் கேட்டு, கடைசியாக 'பெல்பாஸ்ட் சைல்ட்' கேளுங்கள். நேரமில்லாவிட்டால் முதல் இரண்டையும் மட்டும் கேளுங்கள். ஒரே பாட்டு மண்டபத்தில் என்னவாகிறது, தெருவில் என்னவாகிறது என்பது அந்தச் சில நிமிடங்களில் விளங்கிவிடும்.

கேட்கும்போது நான்கு விடயங்களைக் கவனியுங்கள். எத்தனை சரணங்கள் பாடப்படுகின்றன, ஊரார் பேசும் சரணம் இருக்கிறதா இல்லையா? இரவில் வருபவளுக்கு என்ன அடைமொழி கிடைக்கிறது? பின்னால் தாளம் இருக்கிறதா, அல்லது மூச்சு மட்டும்தானா? கல்யாணம் விரைவில் என்று அவள் கடைசித் தடவை சொல்லும் இடத்தில் பாடகர் குரலைத் தாழ்த்துகிறாரா, உயர்த்துகிறாரா, அல்லது எந்த மாற்றமும் இல்லாமல் விட்டுவிடுகிறாரா? அந்தக் கடைசி இடத்தில்தான், அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்ததென்று பாடகர் நம்புகிறார் என்பது வெளிப்படும்.

எது அசல் என்ற கேள்வியோடுதான் நானும் கேட்கத் தொடங்கினேன். முடிக்கும்போது அந்தக் கேள்வி உதிர்ந்துபோயிருந்தது. 1909 புத்தகம் அசலென்றால் அதில் ஒரு சரணம் குறைகிறது. தெருப்பாடகியின் குரல் அசலென்றால் அது இசைத்தட்டிலிருந்து வந்தது. கிராமத்துப் பாட்டு அசலென்றால் அந்தப் பெண் ஜன்னல் வழியே போய்விட்டாள், திரும்பி வரவேயில்லை. ஒவ்வொரு ஒலிப்பதிவும் அவளைச் சந்தைக்குள் மீண்டும் ஒருமுறை நடக்க விடுகிறது. திரும்பி வந்தாளா என்பதை, பாடுபவரோடு சேர்ந்து நாமும்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.